சரிவில் இருக்கிறது ஒட்டு

பைபர் படகில் விழுந்த சிறு ஓட்டையை அடைக்க முதலில் செய்யவேண்டியது அதைப் பெரிதாக்குவதுதான். கண்ணுக்குத் தெரியும் பொத்தலைச் சுற்றிலும் இழை அடுக்குகள் அடிபட்டுப் பிரிந்திருக்கும். நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். பிரிந்த இடம் மந்தமாகச் சத்தமிடும். மந்தம் தீரும்வரை வெட்டியெடுக்க மனம் வராதவர் போட்ட ஒட்டு நிலைப்பதில்லை.

பாரிஸின் லாச்சப்பல் தமிழ்க் கடைகளைத் தாண்டிச் சற்று நடந்தால் வில்லெத் நீர்த்தேக்கம் வரும். அதிலிருந்து புறப்படும் சேன் மர்த்தன் கால்வாய் ஒன்பது மதகுகளில் 25 மீட்டர் இறங்கி, பஸ்தீ அருகே அர்சனால் படகுத்துறை வழியாக ஆற்றில் சேர்கிறது. அந்தப் படகுத்துறையில் நிற்கும் உல்லாசப் படகுகளுக்கு மதகின் கற்சுவர்தான் எதிரி. வடமராட்சியில் அந்த இடம் முருகைக்கல்லுக்கு. 1960களின் இறுதியில் நார்வேயின் துணையோடு காரைநகரில் தொடங்கிய சீநோர் நிறுவனத்தின் வழியாகவே யாழ்ப்பாண மீனவரிடையே பைபர் படகு பரவலாக அறிமுகமானது. தமிழகக் கரையில் அது பெருகியது 2004 சுனாமிக்குப் பின். கரை எதுவானாலும் பழுதுபார்க்கும் முறை ஒன்றுதான்.

வெட்டிய ஓட்டையின் விளிம்பைக் கிரைண்டரால் சரிவாகத் தேய்க்கவேண்டும். வழக்கமான கணக்கு, தடிமனைப் போல் 12 மடங்கு அகலச் சரிவு. 6 மில்லிமீட்டர் தடித்த படகில் 5 சென்டிமீட்டர் ஓட்டை இருந்தால், தேய்த்த வட்டம் 19 சென்டிமீட்டரைத் தாண்டும். கேட்பவருக்கு வீண்செலவாகத் தோன்றும். ஆனால் பழைய பைபர் ஏற்கெனவே இறுகிவிட்டது; புதிய ரெசின் அதனோடு ஒன்றாகிவிடாது, பற்றிக்கொள்ள மட்டுமே செய்யும். பற்றும் பரப்பு எவ்வளவோ, பலமும் அவ்வளவு. சரிவில் முதலில் பெரிய துண்டை வைப்பதா, சிறியதையா என்பது தொழிற்காரரிடையே பழைய தகராறு. பெரியதை முதலில் வைத்தால் ஒரே அடுக்கு சரிவு முழுவதையும் தழுவுகிறது. அந்தக் கட்சியே வலுவானது.

தேய்க்கும் முன் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவிக் காயவைப்பது கட்டாயம். ஈரம் மிச்சமிருந்தால் மற்ற எல்லாம் வீண்.

திறந்த மீன்பிடிப் படகில் உள்ளிருந்தே வேலை செய்யலாம். வெளிப்புறம் மெழுகு பூசிய ஃபார்மைக்காத் தகட்டைப் பொருத்தி, அதன்மேல் ஜெல்கோட் என்னும் மேற்பூச்சு, பிறகு மேட் எனப்படும் கண்ணாடியிழை விரிப்பின் அடுக்குகள். தகட்டை எடுத்ததும் வழவழப்பான வெளிமுகம் கிடைத்துவிடும். உட்புறம் அறைகளும் மரப்பலகைகளும் மறைக்கும் உல்லாசப் படகில் இந்த வசதி பெரும்பாலும் இல்லை. அங்கே வெளியிலிருந்து அடுக்கி, ஜெல்கோட்டைக் கடைசியில் பூசவேண்டும். காற்றுப்படும் ஜெல்கோட் பிசுபிசுப்பு மாறாது என்பதால், மெழுகு கலக்கவோ பிளாஸ்டிக் தாளால் மூடவோ வேண்டும்.

ரசிக்கத்தக்க கட்டம் மேட் நனையும் கட்டம். உலர்ந்தபோது பஞ்சுபோல் வெளுத்திருக்கும் அது, ரெசின் ஊற ஊறக் கண்ணெதிரே மறைகிறது. இழையும் ரெசினும் ஒளியை ஏறக்குறைய ஒரே அளவில் வளைப்பதே காரணம். எங்காவது வெண்மை மிஞ்சினால் அங்கே காற்று சிக்கியிருக்கிறது. தேர்ந்த கை அதை அழுத்தித் தேய்ப்பதில்லை. பள்ளம்வெட்டிய உருளையை நடுவிலிருந்து விளிம்புக்கு மெல்ல ஓட்டி, குமிழை வெளியே தள்ளும். ரெசினைக் கொட்டிக் குவிப்பவர் பலப்படுத்துவதாக நினைத்து, விரிசல் விடும் கண்ணாடியைத்தான் செய்கிறார். சதுர மீட்டருக்கு 450 கிராம் மேட் என்றால் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் ரெசின் போதும். ஓர் அடுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் தடிமன் தரும்.

ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட் 1 முதல் 2 சதவீதம். நாகப்பட்டினத்து வெயிலில் குறைக்காவிட்டால் ரெசின் டப்பாவிலேயே இறுகிவிடும். பாரிஸ் குளிரில் 15 பாகைக்குக் கீழே போனால் விளக்கு வைத்துச் சூடேற்றவேண்டியிருக்கும். கேட்டலிஸ்டையும், இறுகலை விரைவுபடுத்தும் கோபால்ட்டையும் நேரடியாகச் சேர்த்தால் வெடிக்கும், இது மிகையல்ல.

இறுகியபின் ஈர உப்புத்தாளால் தேய்த்து, பாலிஷ் போடுவதோடு வேலை முடிகிறது. நிறம் பொருத்துவதுதான் பாடு: வெயிலில் மங்கிய பழைய ஜெல்கோட்டுக்கு எந்தப் புது டப்பாவும் இணையாகாது. அர்சனால் படகுக்காரர் இதற்காக நாள்கணக்கில் மெனக்கெடுவார். பருத்தித்துறைக்காரர் பெயின்ட் அடித்துவிடுவார். இருவரும் ஒட்டு முழுதாக இறுகச் சில நாள்கள் விட்டே படகை நீரில் இறக்கவேண்டும்.