களரியிலும் திரையிலும் கர்ணன்

கலைவடிவங்களை ஒப்பிடுவோர், பழையதெல்லாம் சிறந்தது என்றோ புதியதெல்லாம் வளர்ச்சி என்றோ முன்னரே முடிவுசெய்துகொண்டு எழுதுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அத்தகைய ஒப்பீட்டினால் எந்தக் கலையும் விளங்குவதில்லை. ஒரே கதை வெவ்வேறு சாதனங்களில் எவ்வாறு சொல்லப்படுகின்றது, பார்ப்போரிடம் அது எதனை வேண்டி நிற்கின்றது என்று நோக்குவதே பயனுடையதாகும். அந்நோக்கிற்குக் கர்ணன் கதை மிகவும் பொருத்தமானது. கூத்துக் களரியில் ஆடப்படும் ‘கர்ணன் போர்’, 1964இல் வெளிவந்த ‘கர்ணன்’ திரைப்படம், 2013இல் தொடங்கி விஜய் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘மகாபாரதம்’ தொடர் ஆகிய மூன்றையும் மட்டக்களப்பின் படுவான்கரையில் நின்று மதிப்பிட முனைகின்றது இக்கட்டுரை.

படுவான்கரையைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. வாவியின் மேற்குக் கரையிலே, தான்தோன்றீஸ்வரர் ஆலயத்தை நடுவாகக் கொண்ட கொக்கட்டிச்சோலையும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் வேளாண்மையோடு கூத்தையும் பேணி வந்தவை. பாரதம் இப்பிரதேச மக்களுக்கு வெறும் ஏட்டுக்கதையன்று; தெற்கே பாண்டிருப்புத் திரௌபதையம்மன் ஆலயத்தில் ஆண்டுதோறும் அது சடங்காகவே நிகழ்த்தப்பெற்றுத் தீமிதிப்புடன் நிறைவெய்துகின்றது. திரைப்படமோ வாவிக்கு அப்பாலிருந்த கலை. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை, துறையில் படகுப்பாதை ஏறியோ சுற்றுவழியே சென்றோதான் நகரத்துப் படமாளிகைகளை அடைய வேண்டியிருந்தது. தொலைக்காட்சி வீட்டினுள்ளேயே வந்து அமர்ந்துகொண்டது. ஊர்கூடி நிகழ்த்தும் கலை, பயணஞ்செய்து காணும் கலை, நம்மைத் தேடிவரும் கலை என இம்மூன்றையும் வேறுபடுத்தலாம்.

கர்ணன் கதையின் உயிர்நிலை போரன்று, துயரமே ஆகும். தன் மகனை மகனென்று உலகறியச் சொல்வதற்குத் தாயொருத்திக்கு அவனுடைய சாவு வேண்டியிருக்கின்றது. இத்தகைய துயரத்தை எவ்வாறு காட்டுவது என்பது இம்மண்ணிலே வெறும் அழகியல் வினாவன்று. 1987 ஜனவரியிலும் 1991 ஜூனிலும் கொக்கட்டிச்சோலைப் பகுதியில் படுகொலைகள் நிகழ்ந்தன. பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாரும் குந்தியின் அழுகையைப் பார்த்திருப்போரிடையே இருக்கின்றனர் என்பதை மனங்கொண்டே நாம் இம்மூன்று கர்ணன்களையும் நோக்குதல் வேண்டும்.

பி. ஆர். பந்துலு இயக்கிய திரைப்படம் சிவாஜி கணேசனின் நடிப்பாலும் விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசையாலும் நிலைபெற்றது. 2012இல் புதுப்பிக்கப்பெற்று மீண்டும் திரைக்கு வந்தபோதும் மக்கள் அதனை விரும்பிக் கண்டனர். பானுமதியும் கர்ணனும் சொக்கட்டான் ஆடுகையில் மணிகள் சிதறும் காட்சி வில்லிபாரதத்திலிருந்து பெறப்பட்டது. ஐயுறவு எழக்கூடிய கணத்தில் துரியோதனன் காட்டும் நம்பிக்கை, கர்ணன் ஏன் அப்பக்கத்தில் நின்று மடிந்தான் என்பதை நீண்ட விளக்கமெதுவுமின்றி உணர்த்திவிடுகின்றது. இறுதிக் காட்சியிலோ, அதுவரை ஓங்கி ஒலித்த நடிகரின் குரல் அடங்குகின்றது. முகமும் மூச்சுமே பேசுகின்றன. சீர்காழி கோவிந்தராஜனின் பாட்டு அவற்றைத் தாங்கி நிற்கின்றது. சிவாஜி கணேசனை மிகைநடிப்பின் உருவமாக மட்டும் காண்போர் இக்காட்சியை மறுமுறை பார்ப்பது நன்று.

எனினும் ஒரு குறை உண்டு. எல்லாம் நாயகனை நோக்கியே குவிகின்றன. குந்தியின் புலம்பலும்கூட அவனது பெருமைக்குச் சான்றாகவே வந்து சேர்கின்றது. நாம் அழுவது கர்ணனுக்காகவா, அவனாக நடிக்கும் பெருநடிகருக்காகவா என்று பிரித்தறிய முடிவதில்லை. ஆயினும் படம் முடிகின்றது, விளக்கு எரிகின்றது, பார்த்தவர் தம் மனச்சுமையோடு வீடு திரும்புகின்றார். முடிவு என்ற ஒன்று இருப்பதே துயரத்திற்கு அளிக்கப்படும் மதிப்பாகும்.

தொலைக்காட்சித் தொடரில் அம்மதிப்பைக் காண்பது அரிது. ஸ்டார் பிளஸ் இந்தியில் தயாரித்த தொடரே தமிழ்க்குரல் பெற்று வந்தது. அதன் பொருட்செலவும் ஒப்பனையும் பெரியவை. பாரதத்தின் கிளைக்கதைகளுக்கு அது தந்த இடமும் திரைப்படத்தால் தரவியலாதது. இளைய தலைமுறையினர் பலர் பாரதத்தை அறிந்தது அதன் வழியாகவே என்பதையும் மறுத்தலாகாது. ஆனால் ஒருவர் ஒரு சொல் கூறியதும் அவையிலுள்ள முகங்கள் ஒவ்வொன்றாக நெருங்கிக் காட்டப்படுகின்றன. இசை அதிர்கின்றது. அதே அதிர்ச்சி மீளவும் மீளவும் வருகின்றது. எப்போது கண்கலங்க வேண்டும் என்று நமக்கு ஆணையிடப்படுகின்றது. அதுவும் போதாதென்று கண்ணன் நம்மை நேரே நோக்கி, நிகழ்வின் நீதி இதுவென உபதேசிக்கின்றான். பார்ப்போர் தாமாக உணரவும் தாமாக முடிவுக்கு வரவும் எஞ்சியிருப்பது மிகச் சிறிதே.

களரியிலும் மீட்டல் உண்டு என்பதை இங்கே கருத வேண்டும். வட்டக்களரியின் நடுவே அண்ணாவியார் மத்தளத்துடன் நிற்க, கூத்தர் பாடும் அடியைப் பிற்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுகின்றனர். ஒருவர் துயரத்தைப் பலர் குரல் ஏற்றுக்கொள்கின்றது. சுற்றியிருக்கும் ஊரவரோ ஆடுபவர் யார் மகன், யார் மருமகன் என்று அறிந்தவர்கள். எதிர்ப்புறத்தில் இருப்பவர் அழுவதையும் காண்பவர்கள். தொடரின் மீட்டல் ஒரே முகத்தைத் திரும்பத் திரும்பக் காட்டித் துயரத்தைப் பண்டமாக்குகின்றது. களரியின் மீட்டல் துயரத்தைப் பங்கிடுகின்றது. அங்கே தேரில்லை, ஆட்டத்தின் விசையே தேராகின்றது. போர்க்களமில்லை, தாளக்கட்டே போராகின்றது. இல்லாதவற்றைப் பார்ப்போர் தம் மனத்தால் நிரப்புகின்றனர். எனவே துயரமும் அவர்களுடையதாகின்றது.

இதனாற் கூத்து குறையற்றது என்பது பொருளன்று. விடியவிடிய நீளும் ஆட்டத்தில் தொய்வுகள் உள. பாடற்சொற்கள் ஆட்டவேகத்தில் தெளிவின்றிப் போவதும் உண்டு. இவற்றை உணர்ந்தே பேராசிரியர் சு. வித்தியானந்தன், மட்டக்களப்பு அண்ணாவிமாரின் துணையுடன், 1962இல் பேராதனையில் ‘கர்ணன் போர்’ கூத்தைச் சுருக்கிப் படச்சட்ட மேடைக்குக் கொணர்ந்தார். வட்டக்களரியின் நெருக்கம் அதனால் ஓரளவு குன்றியதெனினும், ஆட்டமும் பாட்டும் பிற்பாட்டும் உயிரோடு நின்றன. கால அளவும் மேடையும் மாறினாலும் கலையின் அறம் மாறவேண்டியதில்லை என்பதற்கு அம்முயற்சியே சான்றாகும்.

ஆகவே பழி சாதனத்தின் மீதன்று. அண்மையிலிருந்து முகத்தைக் காட்டவல்ல தொலைக்காட்சிக்கு, அம்முகத்தைச் சற்று நேரம் அமைதியில் விட்டுவைக்கவும் இயலும். 1998இல் சக்தியும் 2009இல் வசந்தமும் தொடங்கப்பெற்றபின் தமிழுக்கெனத் தனி அலைவரிசைகள் இந்நாட்டிலும் உள. கூத்தைப் பண்டிகைநாள் துணுக்காகவன்றி, களரியின் வட்டத்தோடும் பிற்பாட்டோடும் பார்த்திருக்கும் முகங்களோடும் முழுமையாகப் பதிவுசெய்து தருவது அவற்றின் கடன். விமரிசகர் கடன் வேறு. ஒரு நிகழ்ச்சி எத்தனை பேரை அழவைத்தது என்று எண்ணுவது விமரிசனமாகாது. அழுதவரை அது மனிதராக மதித்ததா என்று கேட்பதே விமரிசனம். இழப்பை நேரிற் கண்ட மக்களின் முன்னே வைக்கப்படும் எந்தக் கலையும் இக்கேள்விக்கு விடைசொல்லியே ஆகவேண்டும்.