மூன்று புள்ளி

சிங்கப்பூர் தேசிய ஆவணக்காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பணி 1979இல் தொடங்கியது. ஜப்பானியர் காலத்தை நேரில் கண்டவர்கள் அதில் பேசியிருக்கிறார்கள். பலர் இன்று இல்லை. குரல் இருக்கிறது.

ஆனால் நாம் கேட்பதில்லை. எழுத்துப்படியில் தேடி, வேண்டிய வரியை வெட்டிக் கட்டுரையில் ஒட்டிவிடுகிறோம். நானும் அப்படித்தான் செய்துவந்தேன்.

சயாம் ரயில்பாதைக்குப் போன அண்ணனைப் பற்றி ஒருவர், "போனாரு... வரல" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் பத்து விநாடி மௌனம். எழுத்துப்படியில் அது வெறும் மூன்று புள்ளி. யாராவது அதையும் 'சென்றார், திரும்பவில்லை' என்று திருத்திவிட்டால், அண்ணனோடு சேர்ந்து தம்பியும் தொலைந்துபோகிறார்.

எழுத்துப்படி தேடுவதற்கு மட்டும்தான். சான்று, ஒலி. மேற்கோள் காட்டுமுன் ஒருதடவை ஹெட்போனை மாட்டிக் கேட்டுடுங்க, அந்தப் பத்து விநாடியையும் தாண்டிக் குதிக்காமல்.