குளிருக்கு ஒரு வீடு: எலுமிச்சைக் குடும்பத்தைப் பனிநாட்டில் காத்த மரபுகள்

நாஞ்சில் நாட்டு விளைகளில் எலுமிச்சை மூட்டுக்கென்று யாரும் தனியாக மெனக்கெடுவதில்லை. கிணற்றடியில் நாரத்தை, அடுக்களைக்குப் பின்னால் கறிவேப்பிலை, வேலியோரம் எலுமிச்சை என்று அவை பாட்டுக்கு வளரும். இரண்டு பருவமழையும் பெறும் மண். மார்கழி இரவில்கூட வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். கல்யாணப் பந்தியில் நாரத்தங்காய்ப் பச்சடி விளம்பும்போது, இந்த மரத்துக்குக் குளிர் எதிரி என்ற நினைப்பு நமக்கு வந்ததே இல்லை.

இப்போது நினைக்க வேண்டியிருக்கிறது. டொரன்டோவிலும் லண்டனிலும் நியூஜெர்சியிலும் குடியேறிய நம் பிள்ளைகள் கறிவேப்பிலையைத் தொட்டியில் வளர்க்கிறார்கள். பிப்ரவரி வந்தால் இலை கொட்டிய குச்சியைப் படம்பிடித்து ஊருக்கு அனுப்புகிறார்கள். என்ன செய்யலாம் என்று கேட்டால் இங்குள்ள பெரியவர்களுக்குப் பதில் தெரியாது, ஏனென்றால் அவர்கள் மரம் ஒருநாளும் உறைபனியைக் கண்டதில்லை. பதில் வேறு மண்ணில் இருக்கிறது. கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே ரூட்டேசி குடும்பம். எலுமிச்சை இலையைத் தின்னும் அதே பச்சைப் புழு கறிவேப்பிலையிலும் இருப்பதை நம் வீட்டுப் பெண்கள் எப்போதோ பார்த்திருக்கிறார்கள். ஆகவே எலுமிச்சைக்காக ஐரோப்பா நூற்றாண்டுகளாகக் கற்ற பாடம் கறிவேப்பிலைக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

தமிழ்நாட்டில் மரத்தைக் குளிரிலிருந்து காக்கும் கலை வளராததற்குக் காரணம் எளிது. உதகையில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி உண்டு. ஆனால் ஆரஞ்சு வேண்டுமென்றால் சிறுமலை, கீழ்ப்பழனி மலை என்று கொஞ்சம் கீழே இறங்கினால் போதும். இறங்க இடமில்லாதவர்கள்தான் மரத்துக்கு வீடு கட்டினார்கள்.

அவர்களில் எனக்கு மிக உயர்வாகத் தெரிவது வட இத்தாலியின் கார்டா ஏரிக்கரை மரபு. லிமோனே, கார்ஞானோ என்ற ஊர்களில் மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி, வடக்கே உயர்ந்த கல்சுவர் எழுப்பி, தெற்கே ஏரியைப் பார்த்தபடி கல்தூண்களை வரிசையாக நிறுத்தினார்கள். மரம் தரையிலேயே வேரூன்றி நிற்கும். கோடையில் அது திறந்தவெளித் தோட்டம். குளிர் வந்ததும் தூண்களுக்கு மேலே பலகைக் கூரை, முன்னால் கண்ணாடிச் சட்டங்கள். வசந்தத்தில் எல்லாவற்றையும் கழற்றி அடுக்கிவிடுவார்கள். மரத்தை நகர்த்தாமல் வீட்டை நகர்த்தும் முறை இது. 1912, 1913இல் கார்ஞானோவில் தங்கியிருந்த எழுத்தாளர் டி. எச். லாரன்ஸ் இந்த எலுமிச்சைத் தோட்டங்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அப்போதே அவை சரிந்துகொண்டிருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பிசின்நோய் மரங்களை அழித்தது. பிறகு தென்னித்தாலியின் மலிவான பழம் ரயிலேறி வந்தது. இன்று தூண்கள் பல இடங்களில் வெறுமனே நிற்கின்றன. லிமோனேயில் ஒரு தோட்டத்தைச் சீரமைத்துப் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள்.

பிளாரன்ஸ் நகரத்தார் மரத்தைப் பெரிய சுடுமண் தொட்டியில் வைத்தார்கள். மெடிச்சி குடும்பத்தின் கஸ்தெல்லோ மாளிகைத் தோட்டத்து எலுமிச்சைத் தொகுப்பு அந்த மரபின் மூலம். பிரெஞ்சுக்காரர் அதையே பேரரசின் அளவுக்கு விரித்தார்கள். 1684 முதல் 1686 வரை கட்டடக் கலைஞர் மான்சார் கட்டிய வெர்சாய் ஆரஞ்சு மண்டபத்தின் நடுக்கூடம் மட்டுமே 150 மீட்டருக்கு மேல் நீளம். தடித்த சுவர், தெற்கு நோக்கிய ஜன்னல். குளிர்காலத்திலும் உள்ளே 5 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் மரப்பெட்டிகளில் அக்டோபரில் உள்ளே போகும், மே மாதம் வெளியே வரும். பெட்டியின் பக்கங்களைத் திறக்கலாம் என்பதில்தான் அவர்கள் நுட்பம். வேரைப் பார்க்கலாம், சீர்செய்யலாம், பழைய மண்ணை மாற்றலாம். லூயி மன்னரின் தோட்டக்காரர் லா கன்தினி தன் தோட்ட நூலில் ஆரஞ்சு மரத்துக்கென்றே தனிப்பகுதி எழுதினார்.

நியூரம்பெர்க் வணிகர் வோல்கமர் எலுமிச்சைக் குடும்பத்தைப் பற்றி 1708இல் வெளியிட்ட படநூல், ஜெர்மன் வணிகக் குடும்பங்களும் இதில் எவ்வளவு ஆழ்ந்திருந்தன என்பதைக் காட்டும். இங்கிலாந்துக்காரர் கட்டடத்தில் சிறந்தார்கள், மரத்தில் தவறினார்கள். 1761இல் வில்லியம் சேம்பர்ஸ் கியூ தோட்டத்தில் எழுப்பிய மண்டபம் பார்க்க அழகு. ஆனால் உள்ளே வெளிச்சம் போதாமல் மரம் செழிக்கவில்லை. இன்று அங்கே உணவகம் நடக்கிறது.

அரண்மனைகளைவிட நான் மதிப்பது ரஷ்யாவின் பாவ்லவோ ஊரை. ஓகா நதிக்கரையில் இரும்பு வேலை செய்யும் கைவினைஞர்களின் ஊர். 1860களிலிருந்து அவர்கள் வீட்டு ஜன்னல் திட்டில் எலுமிச்சை வளர்க்கிறார்கள். நன்றாகக் காய்த்த செடியிலிருந்து குச்சி வெட்டி வேர்பிடிக்க வைத்து அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்து, மங்கிய ஒளியையும் வீட்டுக் காற்றையும் தாங்கும் ஒரு ரகத்தையே பல தலைமுறைகளில் உண்டாக்கிவிட்டார்கள். மண்டபம் கட்ட வசதியில்லாதவர்கள் மரத்தையே தங்கள் வீட்டுக்கு ஏற்றதாக்கிக்கொண்டார்கள்.

இத்தனை மரபுகளையும் எந்த அளவுகோலால் மதிப்பிடுவது? பழத்தின் எண்ணிக்கையால் அல்ல. மரம் இலையோடு உள்ளே போய் இலையோடு வெளியே வந்ததா என்பதே என் அளவுகோல். எலுமிச்சைக் குடும்பத்து வேர் சுமார் 13 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய வேலையை நிறுத்திவிடும். அப்போது ஜன்னல் வெயிலோ ஹீட்டர் காற்றோ இலையைச் சூடாக்கினால், இலை தண்ணீர் கேட்கும், வேர் கொடுக்க முடியாது, இலை உதிரும். மாறாக, அறை சூடாகவும் இருட்டாகவும் இருந்தால் வெளிறிய தளிர் நீளமாக ஓடி, செதிள்பூச்சிக்கும் செஞ்சிலந்திக்கும் இரையாகும். ஆகவே சரியான வழிகள் இரண்டுதான். ஒன்று, வெர்சாய் போலக் குளிரில் உறங்கவிடுவது: 5 முதல் 10 டிகிரி, மிகக் குறைந்த தண்ணீர், உரம் அறவே இல்லை. மற்றது முழுக்க விழிக்க வைப்பது: 18 டிகிரிக்கு மேல் வெப்பமும் தினம் 12 மணி நேரத்துக்குக் குறையாத விளக்கொளியும். இரண்டுக்கும் நடுவில் நிறுத்துவதுதான் மரத்தைக் கொல்கிறது.

நம் பிள்ளைகளின் கறிவேப்பிலை மாட்டிக்கொள்வது இந்த நடுவில்தான். ஹீட்டர் ஓடும் கூடம், நான்கு மணிக்கே இருட்டும் ஜன்னல், சில்லென்ற தரையில் தொட்டி, பாசத்தில் தினமும் ஒரு சொம்புத் தண்ணீர். கறிவேப்பிலை எலுமிச்சையைவிடக் குளிருக்கு அஞ்சும். உறங்கவிட்டால் இலையைக் கொட்டிவிடும். ஆனால் நகத்தால் பட்டையைச் சுரண்டி உள்ளே பச்சை தெரிந்தால் செடி உயிரோடு இருக்கிறது. சமையலுக்கு இலை வேண்டுபவர்கள் விளக்கு வாங்குவதே நல்லது. தொட்டியைப் பலகைமேல் ஏற்றி வையுங்கள். விரலை மண்ணில் ஒரு கணு ஆழம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் விடுங்கள். வாரம் ஒருமுறை இலையின் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆரஞ்சுத் தோட்டங்களை அழிக்கும் பச்சையாதல் நோயைப் பரப்பும் சிறு பூச்சி கறிவேப்பிலையில் செழித்து வாழும். அதனால் புளோரிடா, கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் கறிவேப்பிலைச் செடியை இடம்விட்டு இடம் கொண்டுபோகக் கட்டுப்பாடு உண்டு. ஊரிலிருந்து பெட்டியில் கன்றை ஒளித்துக் கொண்டுபோகாதீர்கள். அந்நாட்டு நர்சரியில் சான்றுபெற்ற கன்றை வாங்குங்கள். வசந்தத்தில் இரவு வெப்பம் 10 டிகிரிக்கு மேல் நிலைத்த பிறகே தொட்டியை வெளியே எடுங்கள். முதல் வாரம் நிழலில் வையுங்கள், பிறகு காலை வெயில் மட்டும், அதன்பின் முழு வெயில். கொம்பை மூன்றில் ஒரு பங்கு வெட்டி, உரத்தை அப்போதுதான் தொடங்குங்கள்.