ஆழம் பார்க்கும் மூங்கில்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பர்மாவின் யேனாஞ்சவுங் முதலிய எண்ணெய் வயல்களுக்கு வேண்டிய கொதிகலன்களையும் இரும்புக் குழாய்களையும் சுமந்து, விலாவில் பாரப்படகுகளைப் பிணைத்தபடி ஐராவதியில் எதிரேறிச் சென்ற நீராவிக் கப்பல்களை நினைக்கும்போதெல்லாம், என் மனம் லயிப்பது இயந்திரத்திலன்று. முகப்பில் நின்றவன் கையிலிருந்த, வர்ணப் பட்டைகள் தீட்டிய மூங்கில் கழியில்தான். வெள்ளம் வடிந்த மாதங்களில், மணல்திட்டுகள் ஓயாமல் இடம் மாறும் அந்நதியில், அவன் கழியைச் சளக்கென்று இறக்கி, ஜலம் சொட்டச்சொட்ட உயர்த்தி, ஆழத்தை ராகமாய் இழுத்துக் கூவ, அக்குரலை நம்பியே சுக்கான் திரும்பியது. மூங்கிலைத் தேர்ந்தெடுத்தவர்கள் ரசிகர்கள் என்றே சொல்வேன்: லேசானது, பிரவாகம் இழுத்தால் வளைந்துகொடுப்பது, அடிமணலின் ஸ்பரிசத்தை உள்ளங்கை வரை கொண்டுசேர்ப்பது. கொளுத்தும் வெயிலில், ஒவ்வொரு முறையும் முதல் முறைபோல் அதை இறக்கிய சிரத்தை சாமானியமானதன்று.