ஊரறிந்த மறை: ஷாஷாவின் ‘அவரவர்க்குரியது’

குற்றவாளி யாரெனத் தெரிந்தபின் துப்பறியும் புதினத்தை மீண்டும் படிப்பார் இலர் என்பர். இத்தாலிய எழுத்தாளர் லியொனார்டோ ஷாஷா 1966-இல் வெளியிட்ட ‘அவரவர்க்குரியது’ என்னும் புதினம் இக்கூற்றை மறுக்கத் தக்க சான்றாகும். ஷாஷா சிசிலித் தீவின் ரக்கல்முத்தோவில் 1921-இல் பிறந்து, அவ்வூர்த் தொடக்கப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். சிற்றூரின் உள்ளியல்பை அவர் அறிந்தமைக்கு இந்நூலே கரி.

1964-ஆம் ஆண்டு. சிசிலியச் சிற்றூர் ஒன்றில் மருந்துக் கடைக்காரர் மன்னோவுக்குக் கொலை மிரட்டற் கடிதம் வருகிறது. வேட்டைப் பருவத்தின் முதல் நாளில் அவரும், உடன்சென்ற மருத்துவர் ரோஷோவும் சுட்டுக் கொல்லப்படுகின்றனர். மன்னோவே குறி, மருத்துவர் வீணே மாண்டார் என்பது ஊர்ப்பேச்சு. உண்மையோ அதன் மறுதலை.

நாளிதழிலிருந்து எழுத்துகளை வெட்டி ஒட்டிய அக்கடிதத்தின் பின்புறத்தே இலத்தீன் சொல்லொன்றைக் காண்கிறார் லௌரானா என்னும் ஆசிரியர். அது வத்திக்கான் நாளிதழின் முகப்பு வாசகத்துச் சொல். அவ்விதழைப் பெறுவோர் ஊரில் இருவரே, இருவரும் குருமார். சொல்லைக் கொண்டு ஏட்டையும், ஏட்டைக் கொண்டு உடையாரையும் தேடும் இந்நெறி சுவடி ஆராய்வார் நெறியே அன்றோ? அவர் கண்ட முடிபு பிழையற்றது. ஆயினும் அவர் கொல்லப்படுகிறார். உடல் கைவிடப்பட்ட கந்தகச் சுரங்கத்தில் கிடக்கிறது.

நூலின் அச்சம் இக்கொலையில் இல்லை. மருத்துவர் இறந்து ஓராண்டு கழிந்தபின், அவர் மனைவி லூயிசாவுக்கும் அவள் உறவினனாகிய வழக்கறிஞன் ரொசெல்லோவுக்கும் மணம் உறுதியாகிறது. அன்று ஊர்ப் பெரியோர் சிலர் தனித்துப் பேசுங்கால், லௌரானா அரிதின் முயன்று கண்டதனை அவர்கள் முன்னரே அறிந்திருந்தமை புலனாகிறது. அகப்பாடல்களில் அலர் என்பது ஊர் அறிந்ததைத் தூற்றுவது. ஈண்டு ஊர் அறிந்தும் அலர் எழவில்லை. இதனை உணர்ந்தபின் முதலிலிருந்து மீளப் படிப்பார்க்கு, மருந்துக் கடையில் நிகழும் வெற்றுரையாடல்களும் மன்றத்தில் எழும் நகைப்பும் வேறு பொருள் தருகின்றன. மாஃபியா பற்றிய அரசியல் நூல் என்று மட்டும் இதனை வகைப்படுத்துவோர் இந்நயத்தை இழப்பர்.

குறையும் உண்டு. லூயிசா, லௌரானாவின் வேட்கைக் கண்வழியாகவே காட்டப்படுகிறாள். அவர் ஏமாறுதற்கு இஃது இன்றியமையாதது எனலாம். எனினும் அவர் இறந்தபின்னும் அவளுக்கெனத் தனியுள்ளம் அமையவில்லை.

ஊர்ப் பெரியோருள் ஒருவர் இறுதியில் லௌரானாவை அறிவிலி என்கிறார். ஆசிரியர் அதனை மறுக்கவும் இல்லை, உடன்படவும் இல்லை. அவ்வொரு சொல்லோடு நூல் முடிகிறது.