நாச்சோ ஒரு தொழிலாளியின் பெயர்

எங்களுக்கு லீவு திங்கட்கிழமைகளில்தான். நொஷாட்டலின் மற்றச் சனம் வேலைக்கு ஓடுகிற நேரத்தில் நாங்கள் மூவரும் ஆறுதலாக வெளிக்கிட்டு, பிளாஸ் பூரி பஸ் தரிப்பில் சந்திப்போம். மூவரும் வெவ்வேறு றெஸ்ரோறன்ற் குசினிகளில் நிற்பவர்கள். மூவருமே பல்கலைக்கழகப் படிப்பை அரைவழியில் விட்டவர்கள். வழமையாக ஒருவரின் அறையில் சோறும் மீன்குழம்பும் சமைத்துக் கதைத்துக்கொண்டிருப்போம். அன்று ஒரு மாறுதலுக்காக மெக்சிக்கோச் சாப்பாட்டுக் கடையொன்றில் போய் உட்கார்ந்தோம். கடையின் பெயர் தேவையில்லை. இப்படியான கடைகள் ஐரோப்பாவெங்கும் உண்டு.

சுவர் முழுக்கப் பாலைவனம். மணல், கள்ளி, அகன்ற தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு கள்ளியில் சாய்ந்து தூங்கும் ஒரு மனிதன். யன்னலுக்கு வெளியே ஏரியும் மஞ்சட் கல்லாலான வீடுகளும். மெக்சிக்கோவின் வடக்கே சொனோரா, சிவாவா பாலைநிலங்கள் இருப்பது உண்மைதான். ஆனால் தெற்கே சியாப்பாசில் மழைக்காடும் இருக்கிறது. அது எந்தச் சுவரிலும் ஏறுவதில்லை. ஒரு நாட்டைச் சுவரில் கீறுபவர்களுக்கு அந்த நாட்டவன் தூங்கிக்கொண்டிருப்பதுதான் வசதி போலும். எங்கள் ஆட்களின் கடைகளில் யானையும் தென்னையும் பரதம் ஆடும் பெண்ணும் தொங்குவதை நினைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டோம்.

முதலில் நாச்சோ வந்தது. பொரித்த சோளத்துண்டுகள், உருகிய சீஸ், ஹலப்பேனோ மிளகாய் வட்டங்கள். துண்டுகள் மொறுமொறுப்பு, சீஸ் அளவுக்கு மிஞ்சியிருந்தது. மிளகாய் போத்தல் வினாகிரியில் ஊறிச் சத்திழந்திருந்தது. இந்தச் சாப்பாட்டுக்கு ஒரு கதை உண்டு. மெக்சிக்கோவின் வறண்ட எல்லை ஊரான பியெத்ராஸ் நெக்ராசில், 1940களின் தொடக்கத்தில், ஆற்றுக்கு அப்பாலிருந்து அமெரிக்கப் பெண்கள் சிலர் ஒரு கடைக்கு வந்தார்களாம். சமையற்காரரைக் காணவில்லை. பரிமாறுவோருக்குத் தலைவராக நின்ற இக்னாசியோ அனாயா குசினிக்குள் போய், கைக்கு அகப்பட்ட தோர்த்தியா, சீஸ், மிளகாயைக் கொண்டு ஒரு தட்டைச் செய்து கொடுத்தார். இக்னாசியோ என்ற பெயரின் செல்லச் சுருக்கம் நாச்சோ. உலகமெங்கும் சினிமாக் கொட்டகைகளில் சனம் கொறிப்பது ஒரு றெஸ்ரோறன்ற் தொழிலாளியின் பெயரை. கொறிப்பவர்களில் எத்தனை பேருக்கு அது ஒரு மனிதனின் பெயர் என்று தெரியும்?

அடுத்து வந்த தோர்த்தியா கோதுமை மாவில் செய்தது. 'இது உண்மையான மெக்சிக்கோச் சாப்பாடு இல்லை' என்று எங்களில் ஒருவர் தொடங்கினார். அது அவசரத் தீர்ப்பு. வட மெக்சிக்கோவில் கோதுமைத் தோர்த்தியா பரம்பரைச் சாப்பாடுதான். எங்கள் குறை வேறு: அது பிளாஸ்ரிக் பக்கற்றிலிருந்து எடுத்துச் சூடாக்கப்பட்டது. சோளத்தில் செய்வதென்றால் தானியத்தைச் சுண்ணாம்பு நீரில் அவித்து, ஊறவைத்து, தோல் கழுவி அரைக்க வேண்டும். அம்மி போன்ற கல்லில் நூற்றாண்டுகளாக அரைத்தவர்கள் பெண்கள். அந்தச் சுண்ணாம்புதான் சோளத்திலுள்ள நியாசின் உயிர்ச்சத்தை உடம்பில் சேரச் செய்வது. ஐரோப்பியர்கள் சோளத்தைக் கொண்டுவந்தார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டு வந்தார்கள். வட இத்தாலியின் ஏழைகள் சோளக்களியை மட்டுமே தின்று பெலாக்ரா நோயில் செத்தார்கள். சாப்பாடு கடல் தாண்டும்போது செய்முறையும் கூட வரவேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

மிளகாயும் அந்தப் பக்கத்துச் சரக்குத்தான். போர்த்துக்கேயர் வருமுன் எங்களுடைய உறைப்பு மிளகு. புதிதாக வந்த காய்க்கு மிளகுக் காய் என்று பெயர் வைத்துவிட்டு, ஆதியிலிருந்தே எங்களுடையது என்று இருந்துவிட்டோம். 'குசினி' என்ற சொல்லும் அதே போர்த்துக்கேயக் கப்பலில் வந்ததுதான்.

பிறகு ஒரு சின்னக் கிண்ணத்தில் வெங்காயம், தக்காளி, பச்சைமிளகாய், தேசிப்புளி விட்டுப் பிசைந்த ஒன்று வந்தது. வாயில் வைத்ததும் மூவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். குசினிக் கதவைத் திறந்துகொண்டு ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"அண்ணை, இது எங்கட சம்பல் எல்லோ?"

"ஓம் தம்பி. மெனுவில இதுக்குப் பேர் சல்சா."

அன்றைய சாப்பாட்டில் அதுதான் திறம் என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். அறைக்குத் திரும்பி யோசித்தபோதுதான் வெட்கமாயிருந்தது. நாங்கள் ரசித்தது மெக்சிக்கோவை அல்ல, எங்களையே. எங்களைப்போல் இருந்ததால் நல்லது என்றோம். இல்லாததற்குக் குறை பிடித்தோம். சுவரில் பாலைவனம் கீறியவனுக்கும் எங்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

பில்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு தட்டின் விலை எங்கள் ஒரு மணி நேரச் சம்பளத்தைத் தாண்டியது. நொஷாட்டல் மாநிலத்து மக்கள் 2011இல் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வாக்களித்தார்கள். முதலாளிமார் சங்கங்கள் வழக்குக்குப் போயின. 2017இல்தான் சுவிஸ் கூட்டாட்சி நீதிமன்றம் மணிக்கு 20 பிராங் என்பதை உறுதிசெய்தது. விலை கூட என்று முணுமுணுத்த எங்களில் ஒருவருக்கு மற்றவர் சொன்னார்: "மச்சான், உன்ர சம்பளமும் அதுக்குள்ளதான் கிடக்கு."

ஊரில் சாப்பாட்டுக்கடை எல்லாருக்கும் சாதாரண இடமாக இருந்ததில்லை. யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் போத்தலிலும் பேணியிலும் தேத்தண்ணி கொடுத்த காலம் வெகுதூரத்தில் இல்லை. 1967இல் உருவான தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் கடைக்குள் இருந்து குடிக்கும் உரிமைக்காகப் போராடியது. இங்கே கோப்பை கழுவுகிறோம் என்று புலம்பும் நாங்கள், அங்கே யாருக்குக் கோப்பையே கொடுக்கவில்லை என்பதை அனேகமாகச் சொல்வதில்லை.

வெளிக்கிடும்போது அண்ணை கதவடிக்கு வந்து, "சாப்பாடு எப்படி?" என்று கேட்டார். "எல்லாம் நல்லாயிருந்தது அண்ணை" என்றோம். எங்கள் புத்தக வெளியீடுகளிலும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்: எழுதியவர் எங்கட ஆள், பாவம், இரவு வேலை முடித்துவந்து எழுதியவர். அண்ணை முப்பது வருடமாக அடுப்படியில் நிற்பவர். சீஸ் கூடிவிட்டது என்றால் தாங்கமாட்டாரா? அடுத்த திங்கள் போய்ச் சொல்லுவதாக இருக்கிறோம். சோளத்தைச் சுண்ணாம்பில் அவித்துப் பார்ப்போமா என்றும் கேட்கவேண்டும்.