அஜைல் பணிமுறை: மதுரை அனுபவங்களின் வழியே ஒரு விமர்சனம்

அஜைல் என்பது ஒரு பொருளை முழுவதுமாகத் திட்டமிட்டு முடித்த பிறகு உருவாக்கத் தொடங்காமல், சிறு சிறு பகுதிகளாக உருவாக்கும் பணிமுறை. ஒவ்வொரு பகுதியும் பயன்படுத்துவோரிடம் காட்டப்படும். அவர்கள் சொல்வதைக் கொண்டு அடுத்த பகுதி தீர்மானிக்கப்படும். மென்பொருள் துறையில் பெயர் பெற்ற இம்முறை இன்று வங்கி, வாகனம், மருத்துவக் கருவி எனப் பல துறைகளின் பொருள் உருவாக்கக் குழுக்களில் பின்பற்றப்படுகிறது. பொறியியல் மாணவர்களும் இதைப் பாடமாகப் படிக்கிறார்கள்.

அஜைல் முறையின் கூட்டங்கள், பொறுப்புகள், சொற்கள் ஆகியவற்றை விளக்கும் அறிமுகங்கள் பல உள்ளன. இக்கட்டுரை அம்முறையின் அடிப்படையான எடுகோள் ஒன்றை ஆராய்கிறது. பயன்படுத்துபவரின் குரல் உருவாக்கும் குழுவின் காதுக்கு வந்து சேரும் என்பதே அந்த எடுகோள். அது எப்போது மெய்யாகிறது, எப்போது பொய்க்கிறது என்பதற்கு மதுரையிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் நல்ல சான்றுகள் உள்ளன.

தோற்றம்

அஜைல் சிந்தனையின் வேர் மென்பொருளில் மட்டும் இல்லை. 1986-இல் ஹிரோடாகா டகேயுச்சி, இகுஜிரோ நோனாகா ஆகிய இருவரும் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ இதழில் எழுதிய கட்டுரை, நகலெடுக்கும் இயந்திரம், கேமரா, கார் போன்ற பொருள்களை உருவாக்கிய குழுக்களை ஆராய்ந்தது. ஒரு துறை வேலையை முடித்து அடுத்த துறையிடம் ஒப்படைக்கும் முறையைவிட, எல்லாத் துறையினரும் ஒரே குழுவாகச் சேர்ந்து நகரும் முறை வேகமானது என்று அது வாதிட்டது. அதற்கு அவர்கள் ரக்பி விளையாட்டை உவமை காட்டினார்கள். ஸ்க்ரம் என்ற பெயர் அங்கிருந்து வந்தது. கென் ஷ்வாபரும் ஜெஃப் சதர்லேண்டும் 1995-இல் ஸ்க்ரம் முறையை மென்பொருள் உலகிற்கு அறிமுகம் செய்தார்கள்.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள ஸ்னோபேர்டில் 17 பேர் கூடி அஜைல் அறிக்கையை வெளியிட்டனர். அதில் 4 விழுமியங்களும் 12 கொள்கைகளும் உள்ளன. கருவிகளைவிட மனிதர்களுக்கும், ஆவணங்களைவிட இயங்கும் மென்பொருளுக்கும், ஒப்பந்தப் பேரத்தைவிட வாடிக்கையாளருடன் இணைந்து பணியாற்றுவதற்கும், திட்டத்தைப் பின்பற்றுவதைவிட மாற்றத்தை ஏற்பதற்கும் முதலிடம் தர வேண்டும் என்பது அதன் சாரம்.

இந்த அறிக்கையின் வலிமை அதன் சுருக்கம். அதன் பலவீனமும் அங்கேதான் உள்ளது. வாடிக்கையாளர் யார் என்று அது வரையறுக்கவில்லை. பணம் தருபவர், பொருளைக் கேட்பவர், அதை நாள்தோறும் பயன்படுத்துபவர் ஆகிய மூவரும் ஒருவரே என்பது போல அது பேசுகிறது. ஒரே கட்டடத்தில் இருக்கும் சிறிய குழுவிற்கு இது பெரிய குறையன்று. கடல் கடந்து வேலை செய்து தரும் குழுவிற்கோ இதுவே முதல் சிக்கல்.

தொலைவில் இருக்கும் வாடிக்கையாளர்

மதுரையில் இலந்தைகுளம், வடபழஞ்சி ஆகிய இடங்களில் எல்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காக்கள் உள்ளன. சென்னைக்கும் பெங்களூருக்கும் செல்லாமல் சொந்த ஊரிலிருந்து, அல்லது திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி போன்ற ஊர்களிலிருந்து தினமும் வந்து வேலை பார்க்க இவை வழி செய்தன. இந்த நன்மையைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் இந்தியத் தகவல் தொழில்நுட்பத் துறையின் பெரும்பகுதி போலவே இங்கும் ஒப்பந்த அடிப்படையிலான சேவைப் பணிகள் முக்கிய இடம் வகிக்கின்றன. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று பணம் தருகிறது. அதன் ஊழியர்களோ வாடிக்கையாளர்களோ மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். இங்குள்ள குழு அதை எழுதுகிறது.

இத்தகைய குழுவில் அஜைல் நுழையும்போது என்ன நடக்கிறது? வடிவம் முழுமையாக வந்து சேர்கிறது. தினமும் 15 நிமிட ஸ்டாண்ட்-அப் கூட்டம், இரண்டு வார ஸ்பிரிண்ட், அதன் முடிவில் ரெட்ரோ, ஜிராவில் பணிப்பட்டியல் எல்லாம் இருக்கும். ஆனால் பணிப்பட்டியலில் எது முதலில் வர வேண்டும் என்று முடிவு செய்யும் புராடக்ட் ஓனர் வேறொரு நாட்டில் இருப்பார். ஒப்பந்தத்தில் வேலையின் அளவும் விலையும் முடிவுத் தேதியும் முன்பே எழுதப்பட்டிருக்கும். மாற்றத்தை வரவேற்கச் சொல்கிறது கொள்கை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனி ஒப்புதல் கேட்கிறது ஒப்பந்தம். இரண்டுக்கும் நடுவில் அகப்படுவது குழு. அமெரிக்காவின் காலை நேரத்துக்காக இங்கே இரவு நேர அழைப்புகளில் உட்கார வேண்டியதும் அதே குழுதான்.

ஸ்டோரி பாயின்ட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு வேலை மற்றொன்றைவிட எவ்வளவு பெரியது என்று குழு தனக்குள் மதிப்பிட்டுக்கொள்ள உருவான தோராயக் கணக்கு அது. ஒரு ஸ்பிரிண்டில் முடித்த புள்ளிகளின் கூட்டுத்தொகைக்கு வெலாசிட்டி என்று பெயர். இந்த எண் மேலாளரின் அறிக்கைக்குப் போனதும் அதன் பொருள் மாறிவிடுகிறது. இரண்டு குழுக்கள் ஒப்பிடப்படுகின்றன. ஊழியரின் ஆண்டு மதிப்பீட்டில் அது எட்டிப் பார்க்கிறது. அப்போது குழுவும் சிறிய வேலைக்குப் பெரிய எண் போடக் கற்றுக்கொள்கிறது. அறிக்கையில் கையெழுத்திட்ட 17 பேரில் ஒருவரான ரான் ஜெஃப்ரீஸ், ஸ்டோரி பாயின்ட்டைக் கண்டுபிடித்தவர் தானாக இருக்கலாம் என்றும், அப்படியானால் அதற்காக வருந்துவதாகவும் பின்னாளில் எழுதினார். மற்றொருவரான மார்ட்டின் ஃபௌலர், குழுக்கள் மீது மேலிருந்து அஜைல் திணிக்கப்படுவதை 2018-இல் வெளிப்படையாகக் கண்டித்தார்.

இதற்கு அஜைல் ஆதரவாளர்கள் தரும் பதில், அது உண்மையான அஜைல் அன்று என்பதாகும். இப்பதில் ஓரளவே சரி. பெரும்பான்மையான இடங்களில் ஒரே விதமாகப் பிழைபடும் ஒரு முறையில், பின்பற்றுபவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும், ஒப்பந்தம் எப்படி எழுதப்பட வேண்டும் என்ற கேள்விகளை அறிக்கை தொடாமல் விட்டதும் ஒரு காரணம்.

அருகில் இருக்கும் பயனர்

இதே நகரில், அஜைல் என்ற பெயரையே சூட்டிக்கொள்ளாத ஒரு பொருள் உருவாக்க வரலாறு உள்ளது. மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளுடன் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அக்காலத்தில் கண்புரை அறுவைச் சிகிச்சையில் புரை படிந்த வில்லை அகற்றப்பட்டு, நோயாளிக்குத் தடித்த கண்ணாடி தரப்படும். அந்தக் கண்ணாடி உடைந்தாலோ தொலைந்தாலோ வயலில் வேலை செய்யும் ஒருவர் மீண்டும் பார்வையற்றவராவார். கண்ணுக்குள் பொருத்தும் செயற்கை லென்ஸ் இதற்குத் தீர்வாக இருந்தது. ஆனால் இறக்குமதியான லென்ஸின் விலை ஏறத்தாழ 100 டாலர்.

1992-இல் மதுரையில் ஆரோலேப் தொடங்கப்பட்டு, இந்த லென்ஸ்கள் இங்கேயே தயாராயின. விலை 10 டாலர் அளவுக்கு இறங்கியது. பிறகு மேலும் குறைந்தது. இன்று 100-க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு ஆரோலேப்பின் பொருள்கள் செல்கின்றன.

பொருள் உருவாக்கக் குழுவின் கோணத்தில் இங்கே கவனிக்க வேண்டியது, செய்பவருக்கும் பயன்படுத்துபவருக்கும் இடையே உள்ள தூரம். லென்ஸைச் செய்பவரும் அதைக் கண்ணுக்குள் பொருத்தும் மருத்துவரும் ஒரே ஊரில், ஒரே அமைப்பின் குடையின் கீழ் இருக்கிறார்கள். லென்ஸில் குறை இருந்தால் அதை முதலில் காண்பவர் அந்த மருத்துவர். அதன் விளைவைச் சந்திக்கும் நோயாளியும் அதே மருத்துவமனைக்குத் திரும்பி வருவார். விலையும் தரமும் பற்றிய முடிவை எடுப்பவர்கள் கண்டம் தாண்டி இல்லை. அஜைல் அறிக்கை விரும்பிய நேருக்கு நேர் உரையாடலுக்கு இங்கே தனிக் கூட்டம் தேவைப்படவில்லை.

இன்னொரு பாடமும் இதில் உண்டு. மென்பொருளை அரைகுறையாக வெளியிட்டு அடுத்த வாரம் திருத்தலாம். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை அப்படிச் செய்ய முடியாது. ஒவ்வொரு மாற்றமும் சோதிக்கப்பட்டு, பதிவு செய்யப்பட்டு, ஒப்புதல் பெற வேண்டும். ஆவணத்தைவிட இயங்கும் பொருளே முக்கியம் என்ற விழுமியம் இங்கே அப்படியே செல்லுபடியாகாது. மருத்துவக் கருவியில் ஆவணமும் பொருளின் ஒரு பகுதி. விரைந்து செய்து பார்த்துத் திருத்தும் வேலை மாதிரிகளோடு நிற்க வேண்டும். நோயாளியிடம் போகக் கூடாது.

வராதவர்களின் குரல்

பயனர் அருகில் இருந்தால் போதுமா? அரவிந்தின் அனுபவமே போதாது என்று காட்டுகிறது. கிராமங்களில் இலவசக் கண் முகாம்கள் நடத்துவது அதன் தொடக்ககாலப் பணிகளில் ஒன்று. முகாம்களில் கூட்டம் நிறைந்தது. வந்தவர்களைக் கேட்டால் முகாம் நன்றாக நடக்கிறது என்ற முடிவுக்கே எவரும் வருவர். ஆனால் அரவிந்தின் ஆர். டி. துளசிராஜ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் முகாமை விட்டுவிட்டுக் கிராமங்களுக்குள் சென்று கணக்கெடுத்தார்கள். 1999-இல் வெளியான அந்த ஆய்வின்படி, கண் குறை உள்ளவர்களில் ஏறத்தாழ 7 விழுக்காட்டினரே முகாமுக்கு வந்திருந்தனர். பயம், செலவு, குடும்பப் பொறுப்பு, இருக்கும் பார்வையே போதும் என்ற எண்ணம் ஆகியவை மற்றவர்களைத் தடுத்தன. சிகிச்சை இலவசம் என்பதால் செலவே இல்லை என்று ஆகாது. துணைக்கு வருபவரின் ஒரு நாள் கூலியும் செலவுதான்.

பின்னர் அரவிந்த் கிராமப்புறங்களில் நிரந்தரமான சிறு கண் மையங்களைத் திறந்தது. பயிற்சி பெற்ற பணியாளர் அங்கே பரிசோதனை செய்ய, மருத்துவர் காணொளி வழியே நோயாளியுடன் பேசுவார். இத்தகைய மையங்கள் இன்று 100-ஐத் தாண்டிவிட்டன.

அஜைல் மீதான ஆழமான விமர்சனம் இங்கிருந்து எழுகிறது. ஸ்பிரிண்ட் முடிவில் கேட்கப்படும் கருத்து, அறைக்குள் வந்தவர்களின் கருத்து. செயலியை நிறுவி, பயன்படுத்தி, குறை சொல்லும் அளவுக்கு அதனுடன் இருந்தவர்களின் கருத்து. செயலி தமிழில் இல்லாததால் முதல் திரையிலேயே விலகியவர், ஸ்மார்ட்போன் இல்லாதவர், பேத்தியின் கைபேசியை இரவல் வாங்கிப் பார்ப்பவர் ஆகியோர் பணிப்பட்டியலில் ஒரு வரியாகக்கூட வருவதில்லை. சுழற்சி எத்தனை விரைவாகச் சுழன்றாலும் இந்தக் குறை தீராது. முகாமை மாதம் ஒன்றுக்குப் பதில் வாரம் ஒன்றாக மாற்றி, வந்தவர்களிடம் ஒவ்வொரு முறையும் கருத்துக் கேட்டிருந்தாலும், வராத 93 விழுக்காட்டினரைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்காது.

களத்துக்குச் சென்ற மென்பொருள்

மென்பொருளிலும் இதற்கு இணையான நிகழ்வு உண்டு. நீரிழிவால் வரும் விழித்திரைப் பாதிப்பைப் படத்திலிருந்து கண்டறியும் கணினி நிரலைக் கூகுள் ஆய்வாளர்கள் உருவாக்கி 2016-இல் ஜாமா இதழில் வெளியிட்டனர். அதற்குப் படங்கள் தந்த மருத்துவமனைகளில் அரவிந்தும் ஒன்று. வெளியிட்டதோடு நிற்காமல், அரவிந்திலும் சென்னை சங்கர நேத்ராலயாவிலும் 3,049 நோயாளிகளிடம் அந்நிரல் சோதிக்கப்பட்டு, முடிவுகள் 2019-இல் வெளியாயின. விழித்திரைப் படங்களைத் தரம் பிரிப்பதில் அது பயிற்சி பெற்றவர்களுக்கு நிகராகச் செயல்பட்டது.

ஆனால் தாய்லாந்தின் 11 சிகிச்சை மையங்களில் இதே வகை நிரல் பயன்படுத்தப்பட்டபோது, ஐந்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட படங்களைத் தரம் போதாது என்று அது ஒதுக்கியதாக 2020-இல் வெளியான ஆய்வு கூறியது. அறை போதிய அளவு இருட்டாக இல்லாததும், இணைய வேகம் குறைவாக இருந்ததும், நோயாளிகள் காத்திருக்க நேர்ந்ததும் செவிலியர்களின் வேலையைக் கூட்டின. நிரலின் துல்லியத்தை மட்டும் அளந்திருந்தால் இவற்றில் எதுவும் தெரிய வந்திருக்காது. அந்த ஆய்வாளர்கள் செவிலியர்களின் அருகில் இருந்து பார்த்ததால் தெரிந்தது.

மதிப்பீடு

அஜைல் பயனற்றது என்பது இக்கட்டுரையின் முடிவன்று. தெளிவற்ற தேவை, மாறும் சூழல், சிறிய குழு ஆகியவை உள்ள இடத்தில், எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதிவைத்து இரண்டு ஆண்டு கழித்துப் பொருளைக் காட்டும் முறையைவிட இது மேலானது. தவறை விரைவில் காட்டித் தருவது இதன் உண்மையான பயன்.

ஆனால் கூட்டங்களின் எண்ணிக்கையும் வெலாசிட்டியும் அந்தப் பயனை அளப்பதில்லை. ஒரு குழுவில் அஜைல் இயங்குகிறதா என்று அறிய வேறு மூன்றைப் பார்க்க வேண்டும். முதலாவது, பொருளை நாள்தோறும் பயன்படுத்தும் ஒருவரைக் குழுவினர் கடைசியாக நேரில் பார்த்தது எப்போது என்பது. இரண்டாவது, அவர் சொன்னதால் பணிப்பட்டியல் மாறியதா, மாற்றும் அதிகாரம் குழுவுக்கு உண்டா என்பது. மூன்றாவது, பொருளைப் பயன்படுத்தாமல் விலகியவர்களை யாராவது தேடிச் சென்றார்களா என்பது.

இறுதியாண்டுத் திட்டப்பணி செய்யும் மாணவர்களுக்கு இவை மிகவும் பொருந்தும். மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்துக்கோ காய்கறிச் சந்தைக்கோ ஒரு செயலி செய்யும் குழு, ஸ்பிரிண்ட் அட்டவணையை அழகாகப் போட்டு மதிப்பெண் வாங்கிவிட முடியும். ஆனால் காலை 4 மணிக்குச் சந்தையில் மூட்டை இறங்கும்போது அங்கே போய் நின்று, செயலி வேண்டாம் என்று சொல்லும் வியாபாரியிடம் காரணம் கேட்ட குழுவே அஜைலின் முதல் கொள்கையைப் பின்பற்றியதாகும்.